குமாரபாளையத்திலிருந்து ஸ்பெயினுக்கு ஒரு செமஸ்டர்: பழைய கேள்வியும் பல விடைகளும்

கேள்வியின் இன்றைய வடிவம்

கல்விக்காகக் கடல் கடப்பவர் எதைப் பெற்றுத் திரும்புகிறார், அது ஊரில் இருந்தபடியே பெற முடியாத ஒன்றா என்னும் கேள்வி தமிழ்நாட்டில் நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்கப்பட்டு, தலைமுறைக்குத் தலைமுறை வேறு வேறு விடைகளைப் பெற்று வந்திருக்கிறது. முன்னர் அது சில ஆண்டுகள் அயல்நாட்டில் தங்கி முழுப் பட்டத்தோடு திரும்பியவர்களைப் பற்றிய கேள்வியாக இருந்தது. இன்றோ, ஊர்க் கல்லூரியில் சேர்ந்து, இடையில் ஒரே ஒரு செமஸ்டரை, அதாவது நான்கைந்து மாதங்களை, வேற்றுமொழி நகரம் ஒன்றில் படித்துவிட்டு, மீண்டும் அதே கல்லூரியில் பட்டம் பெறும் ஏற்பாட்டைப் பற்றியதாக அது சுருங்கியுள்ளது. இத்தகைய ஏற்பாட்டில் மாணவர் மிகுதியாகச் சென்று சேரும் இடங்களில் சலமாங்கா, மாட்ரிட், கிரனாடா, வலென்சியா, பார்சலோனா போன்ற ஸ்பெயின் நகரங்கள் முன்வரிசையில் நிற்கின்றன.

காவிரிக் கரையில், பவானிக்கு எதிரே, விசைத்தறிப் பட்டறைகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் இடையே பொறியியல் கல்லூரிகளும் மருந்தியல் கல்லூரிகளும் கலை அறிவியல் கல்லூரிகளும் நெருங்கி வளர்ந்துள்ள குமாரபாளையத்திலிருந்து இக்கேள்வியைப் பார்ப்பதற்குத் தக்க காரணம் உண்டு. அயல்நாட்டுச் செமஸ்டரைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய மாணவர்களை வைத்து எழுந்தவை. லுங்கித் தறியில் கூலி நெசவு செய்யும் வீட்டிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரியாக வரும் மாணவருக்கு அந்த ஆய்வுகளின் முடிவுகள் எவ்வளவு பொருந்தும் என்பது தனியே ஆராயப்பட வேண்டியதாகும்.

கடலும் சாதியும்

வணிகத்துக்காகக் கடல் கடப்பது தமிழருக்குப் புதிதன்று. எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலும் தாய்லாந்திலும் கிடைத்துள்ள தமிழ் பிராமி எழுத்துகள் அதற்குச் சான்று. எனினும் கடற்பயணத்தைத் தூய்மைக்கேடாகக் கருதிய மரபும் உடன் இருந்தது. பௌதாயன தர்மசூத்திரம் அதைக் குற்றங்களுள் ஒன்றாக வைக்கிறது. கடல்வழிப் பிரிவில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியம் கூறுகிறது, அதை விதி என்பதா, நடப்பைச் சொன்ன குறிப்பு என்பதா என்பதில் கருத்து வேறுபாடு இருப்பினும். 1888-இல் சட்டம் படிக்க லண்டன் புறப்பட்ட காந்தியை அவருடைய சாதியார் விலக்கி வைத்தனர்.

கடல் கடக்கவே கூடாது என்பது முதல் விடை; அதன் தமிழ்நாட்டு உதாரணம் நாமக்கல்லைத் தொட்டுச் செல்கிறது. கணித மேதை இராமானுஜன் 1913-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த அழைப்பை முதலில் ஏற்கவில்லை; குடும்பத்தின் வழிபடு தெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயாரின் இசைவு கனவின் வழியே கிடைத்த பிறகே தடை நீங்கியதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன; கனவு கண்டவர் தாயாரா மகனா என்பதில் அவற்றிடையே வேறுபாடு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்க, அவர் 1914 மார்ச் 17 அன்று கப்பலேறினார். இங்கு கவனிக்கத் தக்கது, தெய்வத்தின் பெயரால் எழுந்த தடை தெய்வத்தின் பெயராலேயே நீங்கியது என்பது மட்டுமன்று. போர்க்காலத்து இங்கிலாந்தில் சைவ உணவுக்கு அவர் பட்ட பாடும், நோயுற்று 1919-இல் திரும்பியதும், பயணத்துக்குப் பின்னுள்ள அன்றாட வாழ்க்கையை, அதாவது சோற்றையும் குளிரையும் தனிமையையும், எவரும் முன்கூட்டித் திட்டமிடவில்லை என்பதைக் காட்டுகின்றன. சாதித் தடை பெரும்பாலும் மறைந்துவிட்டது. இந்தத் திட்டமின்மை இன்னும் மறையவில்லை. பெண்பிள்ளையை அனுப்பத் தயங்கும் பெற்றோர் இன்று கேட்பதும் தீட்டைப் பற்றியன்று. தங்குமிடம், உணவு, இரவில் திரும்பும் வழி ஆகியவற்றைப் பற்றியே.

தலைவர்களை ஆக்கும் படிப்பு

இரண்டாவது விடை, அயல்நாட்டுப் படிப்பு நாட்டை நடத்தும் தலைவர்களை உருவாக்குகிறது என்பது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீனைச் சேர்ந்த ப. சுப்பராயன் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தார். அவருடைய மகன் மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்ஜிலும், மகள் பார்வதி கிருஷ்ணன் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்து, பொதுவுடைமை இயக்கத்தில் முன்னணிக்கு வந்தனர். ஜமீன் வீட்டுப் பிள்ளைகள் இடதுசாரிகளாகத் திரும்பியது, அயல்நாட்டுக் கல்வி சிந்தனையை அசைக்க வல்லது என்பதற்கு வலுவான சான்று. ஆனால் இந்த விடையின் குறையும் அதிலேயே அடங்கியுள்ளது. அவர்கள் பல ஆண்டுகள் தங்கியவர்கள், செலவைத் தாங்கும் வீட்டில் பிறந்தவர்கள், ஆங்கிலம் முன்பே கைவரப் பெற்றவர்கள். நான்கு மாதங்களில் அதே விளைவை எதிர்பார்ப்பது, பாவு ஓட்டாமலே துணியை எதிர்பார்ப்பதற்கு ஒப்பாகும்.

மொழிச்சூழலில் மூழ்கினால் மொழி வருமா?

ஸ்பானிய நகரத்துக்கு மாணவரை அனுப்புவோர் முன்வைக்கும் முதன்மையான வாதம் மொழி பற்றியது. மொழியைப் பேசுவோர் நடுவே வாழ்ந்தால் அது தானே வந்துவிடும் என்னும் இந்த நம்பிக்கையை ‘மூழ்குமுறைக் கருத்து’ எனலாம். இது நெடுநாள் முன்பே சோதனைக்குள்ளான இடங்களுள் ஒன்று, எதிர்த்திசையில், தமிழகத்தின் முத்துக்குளித்துறை என்பது பலரும் நினைத்துப் பார்க்காத செய்தி. ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் பிறந்த பிரான்சிஸ் சேவியர் 1542-இல் அக்கடற்கரைக்கு வந்து, தமிழறிந்தவர் துணையோடு கிறித்துவ மந்திரங்களைத் தமிழில் ஆக்கி மனப்பாடம் செய்து கற்பித்தாரேயன்றி, தமிழில் தடையின்றிப் பேசும் நிலையை எட்டவில்லை. அவருக்குப் பின் அதே கரைக்கு வந்த போர்த்துக்கீசியரான ஹென்ரிக் ஹென்ரிக்கஸ், வினை விகுதிகளையும் வேற்றுமைகளையும் முறைப்படுத்தி இலக்கணம் எழுதி, நாள்தோறும் பயின்று, 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தைத் தமிழில் தந்தார். இருவரும் வாழ்ந்தது ஒரே மக்களிடையே. ஒருவருக்கு மொழி வசப்பட்டது, மற்றவருக்கு வசப்படவில்லை. ஹென்ரிக்கஸ் அங்கே அரை நூற்றாண்டு வாழ்ந்தவர், சேவியரோ சில ஆண்டுகளே தங்கியவர் என்ற வேறுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆயினும், சூழல் மட்டும் மொழியைத் தந்துவிடாது என்பதை இந்த ஒப்பீடு சுட்டுகிறது.

இக்காலத்து ஏற்பாட்டின் தொடக்கமாக, அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம் 1923-இல் எட்டு மாணவர்களைப் பிரான்சுக்கு அனுப்பிய நிகழ்ச்சி குறிப்பிடப்படுகிறது. அயல்நாட்டில் காலம் கழித்த மொழி மாணவர்கள் அவ்வாறு செல்லாதவர்களைவிட மேம்பட்ட திறன் காட்டினர் என்று 1967-இல் ஜான் கேரல் வெளியிட்ட ஆய்வு, மூழ்குமுறைக் கருத்துக்கு வலு சேர்த்தது. ஆனால் போனவர்கள் முன்பே ஆர்வமும் திறனும் மிக்கவர்களாக இருந்திருக்கலாம் என்ற எதிர்ப்பு உடனே எழத்தக்கது; அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

இதற்கு ஓரளவு விடை தருவது, சிகலோவிட்ஸும் ஃபிரீடும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட 40 கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் ஸ்பெயினின் அலிகாந்தே நகரிலும், மற்றவர்கள் அமெரிக்காவிலேயே வகுப்பறையிலும் ஒரு செமஸ்டர் ஸ்பானியம் படித்தனர். ஸ்பெயின் சென்றோரின் பேச்சில் ஓட்டம் கூடியது. அதாவது திணறலும் இடைநிறுத்தமும் குறைந்து, ஒரே மூச்சில் நீளமாகப் பேச முடிந்தது. அதே ஆண்டு ஜோசப் காலன்டைன் வெளியிட்ட இணையான ஆய்வோ, இலக்கணக் கூறுகளைத் தனித்தனியே அளந்தபோது ஊரில் தங்கிப் படித்தவர்களே முந்தியதையும், கதைபோல் நிகழ்ச்சியை எடுத்துரைப்பதில் ஸ்பெயின் சென்றோர் சிறந்ததையும் காட்டியது. ஆகவே ‘மொழி வளர்ந்ததா’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தக் கூறு வளர்ந்தது என்று கேட்பதே பொருத்தம். இவ்வகை ஆய்வுகளின் அடிப்படையில் ‘வாயிற்படிக் கருத்து’ ஒன்றும் உருவாகியுள்ளது: அடிப்படை இலக்கணமும் சொல்வளமும் ஒரு மட்டத்தை எட்டிய பிறகு செல்பவருக்கே சூழல் பயன் தரும், அம்மட்டத்துக்குக் கீழே செல்பவர் தெருவில் கேட்பதைப் பொருளாக்க முடியாமல் தம்மவரிடமே ஒதுங்கிக்கொள்வார் என்பது அதன் சாரம். ஐரோப்பிய மொழித்தகுதிச் சட்டகம் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாக மொழித்திறனைப் பகுக்கிறது. ஏ1 படியோடு விமானம் ஏறுபவரும் பி1 படியோடு ஏறுபவரும் ஒரே நகரத்தில் இறங்கினாலும் ஒரே நகரத்தில் வாழ்வதில்லை.

கைபேசி இந்த ஒதுக்கத்தை இன்னும் எளிதாக்கியுள்ளது. மாலைதோறும் வீட்டாரோடு காணொளியில் தமிழ், விடுதி அறையில் இந்திய நண்பரோடு ஆங்கிலம், வகுப்பிலும் ஆங்கிலவழிப் பாடம் என்று அமைந்துவிட்டால், கடைக்காரரிடம் ரொட்டி கேட்பது மட்டுமே ஸ்பானியமாக எஞ்சும்.

தமிழ்ச் செவியும் ஸ்பானியமும்

மேற்கண்ட ஆய்வுகளை அப்படியே பெயர்த்துக்கொள்ள முடியாமைக்கு ஆழமான காரணம் ஒன்று உண்டு. அவற்றில் சோதிக்கப்பட்டவர்கள் ஆங்கிலத்திலிருந்து ஸ்பானியத்துக்குச் சென்றவர்கள். குமாரபாளையத்து மாணவருக்கு ஸ்பானியம் மூன்றாம் மொழி; அதிலும் இரண்டாம் மொழியான ஆங்கிலமே பல வேளைகளில் கல்லூரியில்தான் பேச்சுக்கு வரத் தொடங்குகிறது. இது குறையாக மட்டுமே பேசப்படுகிறது. ஆனால் தமிழை அடியாகக் கொண்டு பார்த்தால் தோற்றம் மாறுகிறது.

‘மே குஸ்தா’ என்னும் ஸ்பானியத் தொடரை எடுத்துக்கொள்ளலாம். பிடித்தல் என்பதைச் சொல்ல ஆங்கிலம் ‘நான்’ என்னும் எழுவாயை வைக்கிறது. ஸ்பானியமோ ‘எனக்குப் பிடிக்கும்’ என்று தமிழ் சொல்வதைப்போலவே, விரும்புபவரை நான்காம் வேற்றுமைப் பொருளில் நிறுத்தி, விரும்பப்படும் பொருளை எழுவாயாக்குகிறது. ஆங்கிலம் பேசும் மாணவர் நெடுநாள் தடுமாறும் இடம் இது. தமிழ் மாணவருக்கு இது வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. ‘ஆப்லோ’ என்றாலே ‘பேசுகிறேன்’. விகுதியே ஆளைக் காட்டுவதால் ‘நான்’ என்று தனியே சொல்லத் தேவையில்லை. ‘தூ’, ‘உஸ்தெத்’ என்னும் இருவகை முன்னிலை, ‘நீ’, ‘நீங்கள்’ என்பவற்றுக்கு ஏறத்தாழ இணை; மரியாதைச் சொல்லை எங்கே இடுவது என்பதில் கொங்கு வட்டாரத்துப் பிள்ளைக்கு எவரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ‘ஆனால்’ என்று பொருள்படும் பெரோவுக்கும் ‘நாய்’ என்று பொருள்படும் பெர்ரோவுக்கும் உள்ள வேறுபாடு, இடையின ரகரத்துக்கும் வல்லின றகரத்துக்கும் உரிய பழைய வேறுபாட்டை நினைவூட்டுவது. குமரி மாவட்டப் பேச்சில் அது இன்றும் ஒலிக்கிறது, மற்ற இடங்களில் எழுத்தில் நிற்கிறது. போர்த்துக்கீசியர் வழியே தமிழுக்கு வந்த மேசை, ஸ்பானியத்திலும் ‘மேசா’தான். உயிரற்ற அந்த மேசாவுக்கு ஸ்பானியம் பெண்பால் கற்பிப்பதும், இருத்தலைக் குறிக்க இரண்டு வினைகளைப் பயன்படுத்துவதும் தமிழருக்குப் புதியவை; அவற்றுக்கு உழைப்பு வேண்டும். ஆனால் பாடநூல்கள் அனைத்தும் ஆங்கிலத்தின் வழியே ஸ்பானியத்தை அணுகுவதால், எளிய இடங்களும் கடினமாகிக் கைக்கு வருகின்றன. தமிழ்வழியாக எழுதப்பட்ட நல்ல ஸ்பானிய இலக்கணம் ஒன்று இருந்தால், பல மாணவர் விரைவில் வாயிற்படியை எட்டக்கூடும் என்று கருத இடமுண்டு.

ஆளுமையும் வேலையும்

வேற்று மக்களோடு பழகினால் மனம் விரியும் என்பது நெடுநாள் நம்பிக்கை. 2009-இல் வெளியான ஜார்ஜ்டவுன் கூட்டாய்வு இதற்கு ஒரு நிபந்தனை சேர்த்தது: செல்லுமிடத்தில் அனுபவத்தை அலசிப் பார்க்க வழிகாட்டி ஒருவர் இருந்த மாணவர்களிடமே பண்பாட்டுப் புரிதல் நன்கு வளர்ந்தது, தம் போக்கில் விடப்பட்டவர்களிடம் மாற்றம் சிறிது.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, 1987-இல் 3,244 மாணவர்களோடு தொடங்கிய ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டமே பெரிய சான்று. அத்திட்டத்தில் சென்றோரிடையே, பட்டம் பெற்று ஐந்தாண்டுகள் கழித்து வேலையின்மை விகிதம் 23 விழுக்காடு குறைவாக இருந்தது என்று 2014-இல் வெளிவந்த தாக்க ஆய்வு கூறியது. இங்கும் போனவர்கள் முன்பே வசதியும் திறனும் உடையவர்களா என்ற ஐயம் தொடர்கிறது. உதவித்தொகை கிடைத்த துறை, கிடைக்காத துறை என்ற வேறுபாட்டைப் பயன்படுத்தி அந்த ஐயத்தை நுட்பமாகக் கையாண்ட பாரே, வால்டிங்கர் ஆகியோரின் 2011 ஆய்வு, மாணவப் பருவத்தில் அயல்நாடு சென்ற ஜெர்மானியர் பின்னர் அயல்நாட்டிலேயே வேலை செய்யும் வாய்ப்பு 15 விழுக்காட்டுப் புள்ளி அளவுக்குக் கூடுகிறது என்று கண்டது. தனி மாணவருக்கு இது நன்மை; படித்த பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் அப்பாலும் போய்க்கொண்டிருக்கும் ஒரு சிறுநகருக்கு இது எளிதில் நன்மையாகிவிடாது.

எந்த நகரம்?

ஸ்பானிய நகரம் என்றதும் கடற்கரையும் அரண்மனைகளும் நினைவுக்கு வருகின்றன. குமாரபாளையத்துக்கு உண்மையில் உறவான நகரங்கள் வேறு. பார்சலோனாவை அடுத்த தெரசா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பளி ஆலைகளால் வளர்ந்த நகரம். கட்டலோனியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகமும், நெசவு ஆராய்ச்சிக்கான இன்டெக்ஸ்டர் நிறுவனமும், நெசவு அருங்காட்சியகமும் அங்கே உள்ளன. அலிகாந்தே மாகாணத்தின் அல்கோயில் வலென்சியாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம் நெசவுப் பொறியியல் கற்பிக்கிறது. சாயக்கழிவால் காவிரி படும் துன்பத்தை நேரில் கண்டு வளர்ந்த மாணவருக்கு, ஆலைக்கழிவுநீரை ஆராயும் கூடத்தில் கழியும் ஒரு செமஸ்டர், சுற்றுலா நகரத்தில் கழியும் செமஸ்டரைவிடப் பன்மடங்கு பொருளுடையது.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். தெரசாவில் வகுப்பறையிலும் தெருவிலும் ஸ்பானியத்தோடு கட்டலான் மொழியும் ஒலிக்கிறது. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டு, 1978 அரசியல் சட்டத்துக்குப் பின் உரிமையை மீட்டுக்கொண்ட மொழி அது. ஸ்பானியம் கற்கச் செல்பவருக்கு இது இடையூறாகத் தோன்றலாம். மொழியுரிமைப் போராட்டத்தின் வரலாறு கொண்ட மாநிலத்திலிருந்து செல்பவருக்கோ அதுவே மிகச் சிறந்த பாடமாகவும் அமையலாம்.

கிரெடிட்டும் பணமும்

கிரெடிட் என்பது ஒரு பாடத்துக்குச் செலவிடும் உழைப்பை அளக்கும் அலகு. ஐரோப்பிய முறையில் ஒரு செமஸ்டருக்கு 30 அலகுகள். 2023-இல் வந்த இந்தியத் தேசியக் கிரெடிட் சட்டகத்தில் ஆண்டுக்கு 40, எனவே செமஸ்டருக்கு 20. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள், இரு நாட்டு நிறுவனங்கள் இணைந்து நடத்தும் ‘ட்வின்னிங்’ திட்டத்தில் மொத்த அலகுகளில் 30 விழுக்காடு வரை அயல்நாட்டில் பெற இடம் தருகின்றன. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் அதை ஆதரிக்கிறது. ஆனால் விதியின் பயன், உயர்ந்த தரமதிப்பீடு பெற்ற நிறுவனங்களுக்கே முதலில் கிட்டுகிறது. பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம் வகுக்கும் இணைப்புக் கல்லூரியில், அங்கே படித்த தாளை இங்கே ஏற்பதற்கு முன்கூட்டி எழுத்து மூலமான ஒப்புதல் இல்லையெனில், திரும்பி வரும் மாணவருக்கு ஒரு செமஸ்டர் முழுதும் அரியராக நிற்கும்.

பணத்தைப் பொறுத்தவரை, 90 நாட்களுக்கு மேல் தங்க மாணவர் விசா வேண்டும். அதற்கு வாழ்க்கைச் செலவுக்கெனக் காட்ட வேண்டிய தொகை அண்மை ஆண்டுகளில் மாதம் 600 யூரோ. ஐந்து மாதத்துக்கு 3,000 யூரோ. யூரோவை 90 ரூபாய் என்று கொண்டாலும் 2,70,000 ரூபாய், விமானக் கட்டணம் நீங்கலாக. தறிக்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இது கடன். ஆகவே அரசு உதவியின்றி இத்திட்டம் வசதியுள்ளோரின் சலுகையாகவே நிற்கும் என்ற விமரிசனம் மிகையன்று. உதவிக்கு முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே உண்டு: தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் வழியே அரசுக் கல்லூரி மாணவர்கள் ஒரு செமஸ்டருக்குப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டுள்ளனர். இந்தியக் கல்லூரியும் ஐரோப்பியக் கல்லூரியும் ஒப்பந்தம் செய்துகொண்டால் எராஸ்மஸ் நிதியும் கிட்டக்கூடும்.

போகாமலே பெறலாமா?

சுவீடனின் மால்மோ பல்கலைக்கழகத்தில் 1990-களின் இறுதியில் உருவான ‘ஊரிலேயே உலகக் கல்வி’ என்னும் கருத்து, எல்லோரையும் அனுப்ப முடியாது என்ற நேர்மையான ஒப்புதலிலிருந்து பிறந்தது. இணையவழிக் கூட்டு வகுப்பும் அயல்நாட்டு ஆசிரியரின் வருகையும் இதன் வழிகள். செலவு குறைவு என்பது இதன் பலம். பேச்சின் ஓட்டத்தை மட்டும் இது போதிய அளவு தருமா என்பது ஐயம். அலிகாந்தே ஆய்வு சுட்டிய நன்மை, ஸ்பெயினில் ஒரு செமஸ்டர் தங்கிப் படித்தவர்களிடம் காணப்பட்டதாகும்.

இன்னும் முடிவாகாதவை

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் எந்தப் படியில் வாயிலை எட்டுகிறார், தமிழ்வழி இலக்கணம் அதை எவ்வளவு விரைவுபடுத்தும், முதல் தலைமுறை மாணவர் திரும்பி வந்த பிறகு ஊருக்கு எது மிஞ்சுகிறது ஆகிய மூன்றும் திறந்தே கிடக்கின்றன. கிடைத்த சான்றுகளை எடைபோட்டால், தயாரிப்பின்றி அனுப்பப்படும் ஒரு செமஸ்டர் செலவுக்குத் தகாதது எனவும், பி1 படியை எட்டிய பின், தொழிலோடு உறவுள்ள நகரத்துக்கு, கிரெடிட் ஒப்பந்தத்தோடும் வழிகாட்டியோடும் அனுப்பப்படும் செமஸ்டர் தகுதியானது எனவும் கூறலாம். எனவே குமாரபாளையத்துக் கல்லூரிகள் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடுவதற்கு முன் ஸ்பானிய ஆசிரியர் ஒருவரை அமர்த்திக் குறைந்தது ஓராண்டு வகுப்பு நடத்த வேண்டும். செல்லும் ஒவ்வொரு மாணவரின் ஸ்பானியப் பேச்சையும் புறப்படும் முன் ஒரு முறையும் திரும்பிய பின் ஒரு முறையும் பதிவுசெய்து வைக்க வேண்டும். இரண்டாவதற்கு ஒரு கைபேசியும் அரைமணி நேரமும் போதும்.